சிக்னல் சிமுலேஷன் விளையாட்டுக்கு வட ஆற்காட்டில் எந்த ரயில் பகுதியை எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: வெளிநாட்டு சிக்னல் கேபின்களை வைத்துச் செய்த சிமுலேஷன் விளையாட்டுகளை ஆடிப் பழகிய ஒருவர், இப்போது நம் பக்கத்துப் பகுதி ஒன்றைத் தானே வரைய நினைக்கிறார். நகரம் வேண்டாம், வயலும் ஏரியும் சின்ன ஸ்டேஷன்களும் இருக்க வேண்டும், ஆனால் ஆடுகிறவருக்குக் கை ஓயக் கூடாது. அரக்கோணமா, காட்பாடியா, ஜோலார்பேட்டையா, வேலூர் திருவண்ணாமலைப் பாதையா என்று கேட்கிறார். ஊர்ப் பெயர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கிராமத்துப் பாதையில் வேலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. இந்தத் தடத்தில் ஸ்டேஷன் மாஸ்டராகப் பல வருஷம் டூட்டி பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மென்பொருள் எழுதுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வண்டி ஓட்டம் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு எப்படி அமைய வேண்டும் என்று சொல்வதை ஒரு அபிப்பிராயமாக மட்டும் வையுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நூறு வண்டி போனாலும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு யோசிக்க எதுவும் இல்லை. சிக்னலை எடுப்பதும் போடுவதும்தான். வேலை வருவது வேக வித்தியாசத்திலிருந்து. நூறைத் தாண்டி ஓடுகிற எக்ஸ்பிரஸ், ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போகிற பாசஞ்சர், அறுபதைத் தொடவே நேரம் எடுக்கும் கூட்ஸ், மூன்றும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது யாரை எங்கே ஒதுக்குவது என்ற கேள்வி பிறக்கிறது. ஒதுக்குவதற்கு லூப் லைன், அதாவது மெயின் லைனுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும் தடம், எல்லா ஊரிலும் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்த இடம்தான் கிராமமாக இருந்தும் ஓய்வில்லாத இடம்.

இதை வைத்து நீங்கள் சொன்ன நான்கையும் பார்ப்போம். அரக்கோணம் வேண்டாம் என்பேன். சென்னைப் புறநகர் வண்டிகள் அங்கே வந்து முடிகின்றன, ரேணிகுண்டா வழியாக மும்பை போகும் பாதை பிரிகிறது, செங்கல்பட்டுப் பாதை சேர்கிறது. அருமையான ஜங்ஷன்தான், ஆனால் அது நகரத்து வேலை. சென்னை வரை தானியங்கி சிக்னல் என்பதால், வண்டி முன்னால் நகர நகர சிக்னல் தானாக மாறிக்கொண்டே வரும். நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் நீங்கள் பார்வையாளர்தான்.

ஜோலார்பேட்டையை ஒரு நாள் கட்டாயம் செய்யுங்கள், முதல் முயற்சியாக மட்டும் வேண்டாம். சென்னை, பெங்களூரு, சேலம் என மூன்று பக்கமும் பெரிய தடங்கள். பெங்களூரு பக்கம் கிளம்பினால் சோமநாயக்கன்பட்டி, பச்சூர் வழியாகக் குப்பம் வரை ஏற்றம். அதோடு பெரிய யார்டு. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் போனபோது, இங்கிருந்துதான் 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்குப் போனது. அப்படி ஒரு ரேக்கை, அதாவது வேகன் வரிசையை, நிரப்பி, எஞ்சின் மாட்டி, ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே சந்து பார்த்து நுழைப்பது தனி விளையாட்டாகவே ஆகும். ஆனால் அந்த யார்டை வரைந்து முடிப்பதற்குள் உங்களுக்கு அலுத்துப்போகும்.

வேலூர் கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகிற ஒற்றைப் பாதை எனக்கு மிகவும் பிடித்த பாதை. வண்டி ஜன்னலில் உட்கார்ந்தால் மலை மாறி மலை வரும். அங்கே வேலை கிராசிங்: எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் எதை எங்கே நிறுத்தி எதை விடுவது என்பது. சாதாரண நாளில் ஒரு கிராசிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் சிறப்பு வண்டிகள் விடும் நாட்களில் கதையே வேறு. அதை ஒரு தனி நாளாக வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் காட்பாடி. என் பதில் காட்பாடிதான், ஆனால் காட்பாடியை மட்டும் எடுக்காதீர்கள். கிழக்கே வாலாஜா ரோடு, மேற்கே குடியாத்தம், இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டரை எடுங்கள். சென்னைப் பக்கமிருந்து வந்தால் வாலாஜா ரோடு, முகுந்தராயபுரம், திருவலம், சேவூர், காட்பாடி, லத்தேரி, காவனூர், குடியாத்தம். எட்டு பெயர். காட்பாடியைத் தவிர மற்றவை பெரும்பாலும் கிராமமும் சிற்றூரும். நடுவில் பொன்னை ஆற்றுப் பாலம், கரும்பும் நெல்லும் தென்னையும். இவற்றோடு காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டி வேலூர் கன்டோன்மென்ட் வரை போகும் ஒற்றைப் பாதையையும், சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் ஒற்றைப் பாதையின் முதல் சில கிலோமீட்டரையும் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தத் துண்டு? சென்னையிலிருந்து பெங்களூருக்கும் கோவைக்கும் கேரளாவுக்கும் போகிற பெரும்பாலான வண்டிகள் இதன் மேல்தான் ஓடுகின்றன. 1964ல் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் இதில் போகிறது. 2022 நவம்பரில் வந்த சென்னை மைசூரு வந்தே பாரத் காட்பாடியில் நின்று போகிறது. இவற்றுக்கு நடுவே அரக்கோணம், ஜோலார்பேட்டை பக்கம் போகும் பாசஞ்சரும் மெமுவும், வடக்கேயிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வரும் கூட்ஸ்களும். இரட்டைப் பாதையில் இத்தனை. அதோடு இரண்டு ஒற்றைப் பாதைகள் காட்பாடியில் வந்து சேர்கின்றன. வேலூர் தெற்கே, சித்தூர் வடக்கே. வேலூர் பாதை போய்ச் சேரும் விழுப்புரம் பக்கம் திருச்சி கோட்டம், திருப்பதி பக்கம் குண்டக்கல் கோட்டம், மெயின் லைன் சென்னைக் கோட்டம். மூன்று கோட்டத்திலும் வண்டி ஓட்டத்தை மேலிருந்து நடத்தும் கன்ட்ரோலர்கள் தங்கள் வண்டிதான் முதலில் என்று நினைப்பார்கள். நடுவில் தொலைபேசியோடு நிற்பவர்தான் காட்பாடிக்காரர். இது விளையாட்டுக்குள் வந்தால் அதற்கு உயிர் வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தோராயம்தான், ஆனால் நாங்கள் மனசுக்குள் போட்ட கணக்கு இப்படித்தான் இருக்கும். காட்பாடியில் ஒரு கூட்ஸ் நிற்கிறது, சென்னைப் பக்கம் போக வேண்டும். வாலாஜா ரோடு 25 கிலோமீட்டர். அறுபதில் ஓடினால் 25 நிமிடம். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க ஒரு நாலு நிமிடம் சேருங்கள். வாலாஜாவில் லூப்பில் நுழைய வேகம் முப்பதுக்கு இறங்க வேண்டும். ரேக்கின் நீளம் 700 மீட்டருக்குப் பக்கம். முப்பதில் அத்தனையும் உள்ளே போய்ச் சேரவே ஒன்றரை நிமிடம் ஆகிறது. வேகம் குறைத்த நேரத்தையும் சேர்த்தால் மூன்று. ஆக 32 நிமிடம். பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு இதே தூரம் 16 நிமிடம். வித்தியாசம் 16. எக்ஸ்பிரஸ் டிரைவர் மஞ்சளைப் பார்க்காமல் பச்சையிலேயே போக இன்னும் மூன்று நாலு நிமிடம் வேண்டும். அப்படியென்றால் எக்ஸ்பிரஸுக்கு 20 நிமிடம் முன்னால் கூட்ஸை விட்டால்தான் வாலாஜா வரை தைரியமாக அனுப்பலாம். 13, 14 நிமிடம்தான் இருக்கிறதென்றால் பாதி வழியில் ஒரு லூப் பார்த்து ஒதுக்க வேண்டும். பத்துக்குள் என்றால் காட்பாடியிலேயே நிற்கட்டும். இந்த முடிவை எடுக்கும்போது லத்தேரிப் பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் நெருங்கிக்கொண்டிருக்கும், வேலூரிலிருந்து ஒரு வண்டிக்கு லைன் கிளியர், அதாவது பாதை காலி, அனுப்பலாம் என்ற அனுமதி, கேட்பார்கள். உங்கள் விளையாட்டு இந்த நிமிடக் கணக்கை ஆடுகிறவர் தலைக்குள் ஓட வைத்தால் போதும்; மற்ற அலங்காரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு சரியாக இருந்தும் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு, அதையும் சேருங்கள்: லெவல் கிராசிங் கேட். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தத் தடத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நைட் டூட்டி. லூப்பில் ஒரு கூட்ஸ். மெயில் வர இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. விட்டுவிடலாம் என்று நான்தான் கன்ட்ரோலரிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். அடுத்த கேட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று தண்டவாளத்தின் மேலேயே நின்றுபோனது. கேட்மேனால் கேட்டைப் போட முடியவில்லை. கேட் சிக்னல் சிவப்பிலேயே இருந்தது. லோடு கூட்ஸ் ஏழு நிமிடம் நின்றது. நின்ற கூட்ஸ் திரும்ப வேகம் பிடிக்க எடுத்த நேரம் தனி. மெயில் என் ஹோம் சிக்னலுக்கு, அதாவது ஸ்டேஷனுக்குள் விடும் சிக்னலுக்கு, வெளியே இருட்டில் நின்றது, விசில் அடித்துக்கொண்டே. அந்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வண்டியை விடுவதற்கு முன் கேட்மேனிடம் பிரைவேட் நம்பர் (பேசியதற்கு உறுதியாகக் கொடுக்கும் எண்) வாங்கும்போதே, கேட்டில் கூட்டம் எப்படி, கரும்பு வண்டி வரிசை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். கரும்பு வெட்டும் காலத்தில் கேட் மூட நேரம் அதிகம் பிடிக்கும் என்று உங்கள் விளையாட்டில் ஒரு சின்ன விதி வைத்தால், இந்தப் பகுதியை அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

இப்போது நம் முறைக்கும் நீங்கள் ஆடிப் பழகிய பிரிட்டிஷ் முறைக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அங்கே ஒரு கேபினில் உட்கார்ந்தவர் நீண்ட தூரத்தைத் தானே ஆளுவார். இங்கே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டையும் சிக்னலையும் இயக்கும் ஒரு பேனல், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். அவர்களுக்கு மேலே செக்‌ஷன் கன்ட்ரோலர் இருக்கிறார், ஆனால் அவர் கையில் பாயிண்டும் இல்லை, சிக்னலும் இல்லை; தொலைபேசியும் வண்டி ஓட்ட வரைபடமும்தான். எட்டு ஸ்டேஷனையும் ஒரே ஆள் ஆளுவது போலச் செய்தால் அது உண்மையில் இல்லாத வேலை. ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு சின்ன ஸ்டேஷனில் உட்கார்ந்தால் முடிவெல்லாம் வேறு யாரோ எடுப்பார்கள். கன்ட்ரோலராக மட்டும் உட்கார்ந்தால் சிக்னல் எடுக்கும் சுகம் இருக்காது. எட்டு பேனலையும் ஆடுகிறவரிடமே கொடுங்கள், ஆனால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லைன் கிளியர் கேட்டு வாங்கும் முறையை எடுத்துவிடாதீர்கள். அதுதான் நம் வேலையின் முதுகெலும்பு.

லைன் கிளியர் கொடுக்க என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம். முன்னால் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதன் பின்னால் சிக்னல்களைப் பழையபடி சிவப்புக்குப் போட்டிருக்க வேண்டும். வண்ண விளக்கு சிக்னல் உள்ள இடத்தில், முதல் நிறுத்த சிக்னலைத் தாண்டி இன்னும் 180 மீட்டர் வரை பாதை காலியாக இருக்க வேண்டும். முழுசாக வந்ததா என்று பார்க்க அந்தக் காலத்தில் கடைசிப் பெட்டியின் எக்ஸ் குறியையோ வால் விளக்கையோ கண்ணால் பார்ப்போம். ஆக்ஸில் கவுன்டர் வந்த இடத்தில் அது சக்கரங்களை எண்ணிச் சொல்லிவிடுகிறது. ஸ்டேஷனுக்குள் எடுக்கும்போது, வண்டி நிற்க வேண்டிய சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். இந்த 120 மீட்டரை விளையாட்டில் விட்டுவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும். ஏனென்றால் இரண்டு பக்கத்து வண்டிகளையும் ஒரே நேரத்தில் உள்ளே எடுக்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று: போட்ட ரூட்டை வண்டி நெருங்கிய பிறகு ரத்து செய்தால் பேனல் உடனே விடாது, 120 விநாடி காத்திருக்க வைக்கும். அவசரப்பட்டு மனசை மாற்றுகிறவருக்கு அந்த இரண்டு நிமிடம் மிக நீளம்.

சிக்னல் நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக. லூப்பில் எடுக்கும்போது ஹோம் சிக்னல் மஞ்சளும் அதன் மேல் சாய்ந்த வெள்ளை விளக்கு வரிசையும் காட்டும். அதற்கு முந்தைய எச்சரிக்கை சிக்னலான டிஸ்டன்ட் இரட்டை மஞ்சள் காட்டும். மெயினில் நிற்காமல் போக எல்லாம் பச்சை. இவ்வளவு போதும், மற்றது நீங்கள் ஏற்கெனவே ஆடியதிலிருந்து வந்துவிடும்.

எந்த வருஷத்தைக் காட்டப்போகிறீர்கள் என்பதை வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வேலூர் பாதை மீட்டர் கேஜாக, அதாவது அகலம் குறைந்த தண்டவாளமாக, இருந்த காலத்தை எடுத்தால் அந்த வண்டிகள் மெயின் லைனைத் தொடவே தொடாது. காட்பாடியின் பாதிச் சிக்கல் போய்விடும். இனி வரும் காலத்தை எடுத்தாலும் கதை மாறும்: திருப்பதி, பாகாலா, காட்பாடி 104 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. என் யோசனை 2023. வந்தே பாரத் வந்துவிட்டது, திருப்பதி பக்கம் இன்னும் ஒற்றைப் பாதை. வேக வித்தியாசமும் இடுக்கமும் ஒன்றாகக் கிடைக்கும்.

காட்பாடியில் நிற்கும் நேரத்தை அட்டவணைப்படி அப்படியே வைக்காதீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். சக்கர நாற்காலி, படுக்கை, மூட்டை முடிச்சு. இரண்டு நிமிட நிறுத்தம் நாலாகும், ஐந்தாகும். யாரையும் அவசரப்படுத்த மனசு வராது. காட்பாடியில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள், இதைத்தான் முதலில் சொல்வார். தொலைதூர வண்டிகளுக்கு மட்டும் சில நிமிடம் தாமதம் தற்செயலாக விழும்படி வைத்தால் போதும்.

கடினமான நாள் ஒன்று வேண்டுமென்றால் வரலாற்றிலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னை ஆற்றுப் பாலத்தில் பழுது தெரிந்து, வண்டிகளை நிறுத்தவும் ரத்து செய்யவும் வேண்டிவந்தது. விளையாட்டில் ஒரு தடத்தை மட்டும் மூடிவிட்டு, மறு தடத்தில் இரண்டு பக்க வண்டிகளையும் மாற்றி மாற்றி விடச் சொல்லுங்கள். அப்படித் தற்காலிக ஒற்றைப் பாதையாக ஓட்டும்போது முதல் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்த முதல் வண்டியாக எதை அனுப்புவது, ஒரு பக்கம் இரண்டு மூன்றைச் சேர்த்து விட்டுவிட்டுத் திரும்புவதா, ஒன்றுக்கு ஒன்றா என்பது நல்ல கேள்வி. நான் சேர்த்து விடும் பக்கம். திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரம் வீணாகும் என்பதுதான் காரணம். எதிர்ப்பக்கம் வரிசை நீண்டுவிடும் என்று மாற்றுக் கருத்து சொல்கிற அனுபவசாலிகளும் உண்டு. விளையாட்டில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

வாலாஜா ரோட்டைக் கிழக்கு எல்லையாகச் சொன்னதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஓடி வந்து நின்ற இடம் அது. அப்போது அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர். நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர் செய்யும் விளையாட்டு அங்கிருந்து தொடங்கினால் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

வேலையை எப்படித் தொடங்குவது? காட்பாடியை முதலில் வரையாதீர்கள். திருவலத்தையோ முகுந்தராயபுரத்தையோ ஒரு பிளாட்பார டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள். எத்தனை லைன், எது மெயின், லூப் எந்தப் பக்கம், கிளம்பும் சிக்னலான ஸ்டார்ட்டர் எங்கே நிற்கிறது என்று நோட்டில் கையால் வரைந்துகொள்ளுங்கள். பேனல் அறைக்குள் போகக் கேட்காதீர்கள். டூட்டியில் இருப்பவரால் அனுமதிக்க முடியாது, அவர் கவனமும் சிதறும். காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டியும் கடந்த நிமிடத்தை எழுதுங்கள். கூட்ஸ் நின்றால், எத்தனை மணிக்கு நின்றது, எது கடந்த பிறகு கிளம்பியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பயணிகள் வண்டி நேரம் அட்டவணையில் கிடைக்கும், அது வருஷா வருஷம் மாறும். கூட்ஸின் போக்கு இப்படி உட்கார்ந்தால்தான் பிடிபடும். அந்த ஒரு ஸ்டேஷனையும் அதன் இரண்டு பக்கத்தையும் மட்டும் முதலில் ஓட வையுங்கள். சரியாக ஓடினால் காட்பாடி பக்கம் நகருங்கள். வரைந்த படத்தை இங்கே போடுங்கள் தம்பி, பாயிண்ட் பாயிண்டாகப் பார்த்துச் சொல்கிறேன்.